ஏழாம் வகுப்பை எங்கே படித்தாய்? புதுமைப்பெண் திட்டத்தை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம். வட சென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் பாடம் நடத்துகிறேன். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை தருகிற புதுமைப்பெண் திட்டத்துக்கு, 2022-லிருந்து எங்கள் கல்லூரியின் நோடல் அலுவலரும், அதாவது பொறுப்பு அலுவலரும், நான்தான். மாணவிகளின் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்), ஆதார், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் சரிபார்த்துப் பதிவேற்றுவது என் வேலை. பணம் ஏறாத மாதத்தில் "மேம், எனக்கு மட்டும் வரல மேம்" என்று வகுப்பு வாசலில் நிற்கிறவளுக்குப் பதில் தேடித் தருவதும் என் வேலை. மூன்று ஆண்டுக்கு மேல் இதைச் செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன். திட்டத்தைக் குறை சொல்ல வந்த மடல் இல்லை இது. இந்தத் திட்டம் இன்னும் சில பிள்ளைகளைத் தொடவேண்டும் என்று கேட்கிற மடல்.

2022 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, பாரதி மகளிர் கல்லூரியில் திட்டம் தொடங்கியது. அடுத்த சில மாதங்களில் எங்கள் மாணவிகள் பலர் வாழ்க்கையில் முதன்முறையாகத் தங்கள் பெயரில் ஓர் ஏ.டி.எம். அட்டையைக் கையில் வாங்கினார்கள். மாதம் 1,000 ரூபாய். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சின்னத் தொகை. தேர்வுக் கட்டணத்துக்கு அப்பாவிடம் நாலு நாள் தயங்கி நிற்கிற பெண்ணுக்கு அது சின்னத் தொகை இல்லை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைகளில் சனி ஞாயிறு நின்றுகொண்டே வேலை பார்த்த என் மாணவிகள் சிலர், பணம் ஏற ஆரம்பித்ததும் ஞாயிற்றுக்கிழமையை மட்டுமாவது விட்டார்கள். திங்கள் முதல் பீரியடில் தூங்கி வழிகிறவர்கள் குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, வருமானச் சான்று கேட்காதது. சாதி கேட்காதது. தாலுகா அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் ஒரு பெண்ணை நாலு தடவை அலையவிடாமல், அரசுப் பள்ளியில் படித்தாயா என்று ஒரே கேள்வி கேட்டுப் பணத்தைக் கணக்கில் போட்ட திட்டம் இது. அந்த எளிமையைக் கெடுக்கிற எதையும் நான் கேட்கமாட்டேன். ஆனால் அந்த ஒரே கேள்வியைக் கேட்கிற விதத்தில் ஒரு முள் இருக்கிறது.

கடந்த ஜூலையில் ஒரு மத்தியானம், முதலாண்டு பி.காம். மாணவிகள் இரண்டு பேர் கையில் ஜெராக்ஸ் கட்டோடு என் மேசைக்கு வந்தார்கள். வியாசர்பாடியில் ஒரே தெரு. ஒன்றிலிருந்து எட்டு வரை அந்தத் தெருமுனையில் இருந்த ஒரே சின்ன மெட்ரிக் பள்ளி. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே மாநகராட்சிப் பள்ளி. இப்போது என் வகுப்பில் ஒரே பெஞ்சு. முதல் பெண்ணின் விவரங்களைப் பதிந்தேன், சிக்கலில்லாமல் போனது. இரண்டாவது பெண்ணுடையது நின்றுவிட்டது.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே மேம் படிச்சோம்?"

ஒன்றாகத்தான் படித்தார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது இரு வீட்டாருமே, தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒதுக்குகிற கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். குலுக்கலில் ஒரு சீட்டு எடுத்தார்கள். இவள் சிநேகிதியின் பெயர் வந்தது, இவள் பெயர் வரவில்லை. சிநேகிதிக்கு அரசு கட்டணம் கட்டியது. இவளுக்கு இவள் அம்மா கட்டினார். திட்டத்தின் விதி என்ன சொல்கிறது? ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அல்லது, கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆக, ஆறு வயதில் எடுத்த ஒரு குலுக்கல் சீட்டு பன்னிரண்டு வருடம் கழித்து மறுபடியும் இவள் முன்னால் வந்து நிற்கிறது. அன்றைக்கு இலவச இடம் கிடைக்காதவளுக்கு, அது கிடைக்காத காரணத்தாலேயே இன்றைக்கு உதவித்தொகையும் கிடையாது.

இரண்டு நாள் கழித்து அவள் அம்மா வந்தார். நாலு வீட்டில் வேலை செய்பவர், இடையில் ஒரு வீட்டுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். கையில் மஞ்சப்பை. அதற்குள் பள்ளிக் கட்டண ரசீதுகள், வருடவாரியாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு. கார்பன் தாளில் எழுதிய நீல எழுத்து, மங்கிப்போயிருந்தது. ஒரு பருவத்துக்கு மூன்று தவணை, நாலு தவணை. "நாங்க ஏமாத்தல மேடம். எல்லாம் ஒழுங்கா கட்டியிருக்கோம். கடைசி வருஷம் மட்டும்தான் பாக்கி" என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கட்டணம் கட்டாததால்தான் மகளுக்கு உதவித்தொகை மறுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்த ரசீதுகள்தான் அவள் தகுதியில்லாதவள் என்பதற்கு ஆதாரம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கிறேன்மா" என்று சொல்லி அனுப்பினேன். கேட்டும் பார்த்தேன். "எமிஸ்ல பிரைவேட்னு வருதுல்ல, அப்போ வராது" என்றார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, விதி அப்படித்தான் இருக்கிறது.

அந்தக் கடைசி வருடப் பாக்கியின் கதையையும் சொல்ல வேண்டும். அப்பா கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்குபவர். 2020 மே மாதம் தொற்று பரவிச் சந்தையை மூடினார்கள், காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போனது. வியாசர்பாடியிலிருந்து திருமழிசைக்கு நள்ளிரவில் எப்படிப் போவது? வேலை நின்றது. எட்டாம் வகுப்பு முழுக்க வீட்டில் இருந்த ஒரே போனில் நடந்தது, அதுவும் அம்மா வேலைக்குப் போகாத நேரத்தில் மட்டும். 2021-இல் ஒன்பதாம் வகுப்புக்கு மாநகராட்சிப் பள்ளிக்கு வந்தாள். அந்த ஆண்டு அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள் என்று நாம் எல்லோரும் பெருமையாகப் பேசினோம், செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதின. அப்படி வந்தவர்களில் இவளும் ஒருத்தி. அன்று சேர்க்கை எண்ணிக்கையில் இவளைச் சேர்த்துக்கொண்டோம். இன்று கல்லூரி வாசலில், நீ முழுதாக நம் பிள்ளை இல்லை என்கிறோம்.

இந்த ஆறு முதல் பன்னிரண்டு என்ற கோட்டை நான் வேறு ஓர் இடத்திலும் பார்த்திருக்கிறேன். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தந்த 2020-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே கோடுதான், கல்வி உரிமைச் சட்டப் பிள்ளைகளுக்கு இதே விலக்குதான். அங்கே அந்தக் கண்டிப்பு எனக்குப் புரிகிறது. மருத்துவ இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஒரு பிள்ளை உள்ளே வந்தால் இன்னொரு பிள்ளை வெளியே போகவேண்டும். இரண்டு வருடம் மட்டும் அரசுப் பள்ளியில் உட்கார்ந்துவிட்டு யாரும் அந்த இடத்தைப் பறித்துவிடக் கூடாது என்றால் கோடு அழுத்தமாகத்தான் இருக்கவேண்டும். உதவித்தொகை அப்படியா? என் மாணவிக்கு மாதம் ஆயிரம் கொடுத்தால் அவள் சிநேகிதிக்கு ஒரு ரூபாய் குறையப்போவதில்லை. போட்டிக்காகப் போட்ட கோட்டைப் போட்டியே இல்லாத இடத்தில் அப்படியே எடுத்துவைத்திருக்கிறோம்.

பெற்றோரை அரசுப் பள்ளிப் பக்கம் திருப்புவதற்கான ஊக்கம் இது என்று சொல்வார்கள். அரசுப் பள்ளியில் படித்து வந்தவள் நான், அந்த நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் இந்த அம்மா 2018-இல் ஆறாம் வகுப்புக்குப் பணம் கட்டியபோது புதுமைப்பெண் என்ற பெயரே இல்லை. 2022 மார்ச் நிதிநிலை அறிக்கையில்தான் அறிவிப்பே வந்தது. இல்லாத திட்டத்தைப் பார்த்து எந்தத் தாய் பள்ளியை மாற்றுவாள்? கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2028-இல் கல்லூரிக்கு வரப்போகிற பெண்கூட ஆறாம் வகுப்பில் நுழைந்தது 2021-இல். அதுவரை வருகிற ஒவ்வொரு பெண்ணின் பெற்றோரும் இந்தத் திட்டம் பிறக்கும் முன்பே பள்ளியைத் தேர்ந்தெடுத்தவர்கள். அவர்களிடம் இந்த விதி ஊக்கமாக வேலை செய்யவே முடியாது.

இதையும் யோசித்துப் பார்க்கிறேன். இந்தத் திட்டத்துக்கு முன்னால், 1989-இல் தொடங்கி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் இருந்தது. அதை மாற்றித்தான் அவர் பெயரிலேயே இந்த உயர்கல்வி உறுதித் திட்டம் வந்தது. தாலிக்குத் தங்கம் கொடுத்த அந்தத் திட்டத்திலும் படிப்பைக் கேட்டார்கள். பத்தாம் வகுப்பு வரை படித்தவளுக்கு 25,000, பட்டமோ பட்டயமோ முடித்தவளுக்கு 50,000, இருவருக்கும் எட்டு கிராம் தங்கம். பெண் எதுவரை படித்தாள் என்று பார்த்தார்கள், கூடப் படித்தால் கூடக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்ததைப் படிப்புக்குக் கொடுப்பது எவ்வளவு பெரிய மாற்றம்! அதை மனமாரக் கொண்டாடுகிறேன். ஆனால் கேள்வியும் கூடவே மாறிவிட்டது. எதுவரை என்பது போய், எங்கே என்று ஆகிவிட்டது. எதுவரை என்பது பெண்ணின் உழைப்பு. எங்கே என்பதைப் பதினோரு வயதுப் பிள்ளை தீர்மானிப்பதில்லை.

கோட்டை நகர்த்த முடியும் என்பதை நீங்களே காட்டியிருக்கிறீர்கள். 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில், அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் திட்டத்தை விரிவாக்கினீர்கள். அன்று என் மேசைக்கு வந்தவர்களின் மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல முடியாது. உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த பகுதி வட சென்னை, நூறாண்டு கடந்த பள்ளிகள் இங்கே இருக்கின்றன. ஆனால் அந்தப் பள்ளிகளில் பலவற்றில் அதே கட்டடத்தில், அதே மாடிப்படியில் ஏறிப்போனால் ஆங்கில வழிப் பிரிவும் இருக்கும். அதில் படித்தவள் கோட்டுக்கு வெளியே. தமிழ் வழியில் படிப்பவர்களை ஊக்குவிப்பது நியாயம், தமிழாசிரியர் மகளான எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் ஆங்கில வழியில் படித்தவர்களுக்குக் கிடைக்கிறதே. அப்படியிருக்க உதவிபெறும் பள்ளியில் மட்டும் ஏன் இந்தச் சுவர்?

இன்னொரு விஷயம், பள்ளியைத் தாண்டியது. உயர்கல்வியில் முதன்முறையாகச் சேர்ந்தவராக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஒரு பட்டம் முடித்துவிட்டு இன்னொரு பட்டத்துக்கு வருபவருக்கு வேண்டாம் என்பது நியாயமே. ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையிலும் இந்த மாதிரி விதி இருக்கிறது: பி.ஏ. முடித்தவர் மறுபடி பி.காம். சேர்ந்தால் ஒரே நிலையில் இரண்டாவது படிப்பு, தொகை இல்லை. அதில் எனக்கு வழக்கு இல்லை. முடித்தது வேறு, விட்டுப்போனது வேறு.

எங்கள் கல்லூரியில் ஒரு மாணவி. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை மாநகராட்சிப் பள்ளி, விதிப்படி ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டு முடித்ததும் ஒரு தனியார் நிறுவனத்தில் செவிலியர் பட்டயப் படிப்பில் சேர்ந்தாள். நாலு மாதத்தில் அம்மா பக்கவாதத்தில் விழுந்தார். ஸ்டான்லி மருத்துவமனை வார்டில் அம்மா பக்கத்தில் ஒரு மாதம், பிறகு வீட்டில் ஒன்றரை வருடம். குளிப்பாட்டினாள், சோறூட்டினாள், நடக்கப் பழக்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா தானாக நடக்க ஆரம்பித்த பிறகுதான் எங்களிடம் வந்து பி.ஏ. சேர்ந்தாள். அவள் எண்ணைப் போட்டால் பழைய நிறுவனத்தின் பெயரே திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. கட்டணப் பாக்கி இருப்பதால் பெயரை விடுவிக்கமாட்டோம் என்றார்கள் அங்கே. இது அவளுக்கு முதல் படிப்பா, இரண்டாவதா என்று நான் கேட்டபோது, ஒரு மேசையில் முதல் என்றார்கள், இன்னொரு மேசையில் இரண்டாவது என்றார்கள். இடையில் விட்டுப்போனவளைப் பற்றி அந்த நிபந்தனை வாக்கியம் வாய் திறப்பதில்லை. அதனால் ஒவ்வொரு மேசையும் தன் மனம்போல அர்த்தம் சொல்கிறது.

என் சித்தி மகள் மெல்பர்னில் இருக்கிறாள். இதைப் போனில் சொல்லிப் புலம்பியபோது அங்கே மாணவர்களுக்குத் தருகிற உதவித்தொகையைப் பற்றிச் சொன்னாள். 24 வயது வரை யூத் அலவன்ஸ், 25-க்கு மேல் ஆஸ்டடி. அங்கேயும் முன்பு படித்ததைக் கணக்கில் எடுக்கிறார்கள், இவ்வளவு காலம்தான் உதவி என்று எல்லை வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரே நிலையில் படித்த காலத்தைத்தான் கழிக்கிறார்கள். நோயாலோ, தன் கையில் இல்லாத வேறு காரணத்தாலோ ஒருவர் விட்டுவிட நேர்ந்த படிப்பை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டின் பணமும் வேறு, திட்டமும் வேறு, தெரியும். தன் கையில் இல்லாத காரணம் என்ற அந்த ஒரு சொற்றொடரை மட்டும் நம் அரசாணையில் எழுத எவ்வளவு செலவாகும்? நம் பெண்கள் படிப்பை விடுவதற்கான காரணங்களைக் கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் கேட்டுவிடலாம். வீட்டில் நோய், திடீர்க் கல்யாணம், பிரசவம், அப்பாவின் கடன். இவற்றில் ஒன்றையாவது அவளே ஆசைப்பட்டுத் தேடிப்போனாள் என்று சொல்ல முடியுமா?

முதல் பட்டதாரிச் சான்றைப் பற்றியும் எழுத ஆசை. அக்கா அந்தச் சலுகையில் படித்துவிட்டால் தங்கைக்கு இல்லை என்கிற விதியால் எத்தனை வீட்டில் அக்காவும் தங்கையும் முகம்கொடுத்துப் பேசாமல் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அது வேறு விஷயம், அதற்குத் தனி மடல்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த எல்லாப் பெண்களுக்கும் புதுமைப்பெண் கிடைக்கட்டும். அதற்கு முன் கட்டணத்தை யார் கட்டினார்கள் என்று பார்க்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே நாலு வருடம் போதும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், அதையே எல்லோருக்கும் கேட்கிறேன். எல்லோருக்கும் உடனே முடியாது என்றால், கொரோனாவுக்குப் பிறகு 2020, 2021 ஆண்டுகளில் தனியாரிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்காவது முதலில் கொடுங்கள். அவர்கள் யார், எத்தனை பேர் என்பது உங்கள் எமிஸிலேயே இருக்கிறது. வகுப்புவாரியாக, பள்ளிவாரியாக ஒரு மதியத்தில் எடுத்துவிடலாம், புதிதாக எந்தச் சான்றும் கேட்கவேண்டியதில்லை. வசதியுள்ளவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று அஞ்ச வேண்டாம். மாதம் ஆயிரம் ரூபாய்க்காக நாலு வருடம் முன்னதாகவே பிள்ளையைப் பள்ளி மாற்றுகிற பணக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

உதவிபெறும் பள்ளியின் ஆங்கில வழிப் பிரிவுக்கும் கதவைத் திறவுங்கள். முதன்முறை என்பதற்கு, முன்பு ஒரு படிப்பை முடித்திருக்கக் கூடாது என்பதே பொருள் என்று ஒரு விளக்கக் கடிதம் அனுப்புங்கள். பாக்கிக்காகப் பழைய நிறுவனம் மாணவியின் பெயரைப் பிடித்துவைக்க முடியாதபடி, கல்லூரி மாணவர் பதிவுத் தளமான யூமிஸில் விடுவிக்கிற அதிகாரம் உங்கள் மாவட்ட அலுவலரிடம் இருக்கட்டும்.

பெரிய வேலை இல்லாத ஒன்று, ஆனால் எனக்கு மிக அவசரமானது: விண்ணப்பம் நிற்கும்போது ஏன் நிற்கிறது என்று தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். எந்த வகுப்பு, எந்த ஆண்டு, எந்த விதி, யாரிடம் மேல்முறையீடு. இப்போது அந்தக் காரணத்தை மாணவியிடம் சொல்வது நான். எழுத்தில் எதுவும் இல்லாததால், மேம் நினைத்திருந்தால் போட்டிருக்கலாம் என்று சிலர் நம்புகிறார்கள். அந்த அம்மா இன்னும் அப்படித்தான் நினைக்கிறார். போன வாரம்கூடக் கல்லூரி வாசலில் பார்த்தபோது, "அந்த ரசீதெல்லாம் பத்திரமா வெச்சிருக்கேன் மேடம், எப்ப வேணும்னாலும் கேளுங்க" என்றார்.

2022-லிருந்து விடுபட்டவர்களின் விவரங்களை ஒரு நீள நோட்டில் எழுதி வருகிறேன். பெயர், எந்த வகுப்பு எந்தப் பள்ளியில், ஏன் மாறினாள், ஏன் நின்றது. நீங்கள் அழைத்தால் அந்த நோட்டோடு நேரில் வருகிறேன். எங்கள் கல்லூரியில் மட்டுமில்லை, பக்கத்துக் கல்லூரிகளின் நோடல் அலுவலர்களிடமும் இப்படி நோட்டு இருக்கிறது. ரசீதுகளோடு வந்த அந்த அம்மாவின் மகளுடைய பி.காம். ஏப்ரல் 2028-இல் முடிகிறது. இரண்டாம் பருவத் தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது. பொங்கலுக்குப் பிறகு சனி ஞாயிறுகளில் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
வட சென்னைக் கல்லூரி ஒன்றின் நோடல் அலுவலர்